கடவுள் தூரமாகத் தெரியும் நாட்களில் அவரை நம்புவது எப்படி?

ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்கள் ஆகியிருக்கும். அல்லது சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போய்க்கொண்டிருந்தும் இப்போதுதான் நிஜமாக ஜெபிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய், எதிர்பாராத ஒரு மரணம், வேலை போய்விட்டது, அல்லது கல்யாண வாழ்க்கை முறிந்துவிட்டது. முழங்கால்படியிட்டால் வார்த்தை வரவில்லை. வந்தாலும் ஆளில்லாத வீட்டில் பேசுவது போல இருக்கிறது. அப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கஷ்டம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்காது. யோபுவின் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் உண்டு. 38ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பேசத் தொடங்குகிறார். அப்போதும், அவன் பாடுபட்டதற்கான காரணத்தை அவனிடம் சொல்லவே இல்லை. இன்றைக்கும் இந்த வாரத்துக்கும் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். விசுவாசம் என்றால் மனதுக்குள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு இருப்பது என்று புதிதாக வருகிற பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேதாகமத்தில் துன்பத்தில் கடவுளை நம்பியவர்களைப் பாருங்கள். அழுதார்கள், வாதாடினார்கள், "எதுவரைக்கும்?" என்று கேட்டார்கள். ஆனால் அதையெல்லாம் அவரிடமே போய்ச் செய்தார்கள். அவர் தூரமாகத் தெரிகிறபோதும் முறையீட்டை அவரிடமே கொண்டுபோவதுதான் நம்பிக்கை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதல் படி: உடம்பைக் கவனியுங்கள்

எலியா தீர்க்கதரிசியின் கதையை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அடுத்து யேசபேல் ராணி கொலை மிரட்டல் விடுகிறாள். அவர் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அவரைக் கர்த்தர் திட்டவில்லை, அவருக்குப் பிரசங்கமும் செய்யவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். இரண்டாம் முறையும் அதே கவனிப்பு: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அதற்குப் பிறகு 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்புதான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வருகிறது.

அதே வரிசையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சாப்பாடு, தூக்கம். கேள்வி அப்புறம். "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்ற எண்ணம் பின்னிரவில்தான் மிகவும் பலமாக வரும். அந்த நேரத்தில் அதற்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டுப் படுங்கள். காலையில் ஏதாவது சாப்பிட்ட பிறகு அதை எடுத்துப் பாருங்கள். பதில் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கேள்வியைக் கொஞ்சம் தெம்போடு கேட்பீர்கள்.

எதிலும் நாட்டமில்லாமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு (டிப்ரெஷன்) ஒரு நோய். அது வந்தால் ஜெபம் மட்டுமல்ல, சாப்பாடும் பாட்டும் பிள்ளைகளின் பேச்சும்கூட தூரமாகத் தெரியும். கடவுள் விலகிவிட்டது போலத் தோன்றுவதில் அந்த நோய்க்கும் பங்கு இருக்கலாம். மாத்திரை எடுத்துக்கொள்வது அவிசுவாசம் ஆகாது. பவுலோடு கூட இருந்த லூக்காவையே "பிரியமான வைத்தியன்" என்றுதான் கொலோசெயர் நிருபம் சொல்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். மருத்துவ உதவியையும் இன்றே தேடுங்கள். மற்ற படிகள் காத்திருக்கட்டும்.

இரண்டாம் படி: "நான் என்ன பாவம் செய்தேன்?" விசாரணையை முடித்துவையுங்கள்

கஷ்டம் வந்ததும் மனம் தானாகவே விசாரணைக் கமிஷன் வைத்துவிடும். போன வருஷம் சொன்ன பொய்யிலிருந்து அப்பா அம்மா செய்தது வரைக்கும் தோண்டும். சுற்றியிருப்பவர்களும் உதவுகிறோம் என்று நினைத்து அதையே செய்வார்கள்.

இந்தக் கேள்வி இயேசுவிடமே வந்தது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். ஆனால் செத்தவர்களின் கணக்கை எடுத்துப் பார்க்க விடவில்லை.

நிஜமாகவே மனசாட்சி குத்துகிற ஒன்று இருந்தால் அதை ஒரு தடவை பேர் சொல்லி அறிக்கையிடுங்கள். யாருக்காவது ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்துவிடுங்கள். அதோடு சரி. தினமும் அதே கோப்பைத் திறக்காதீர்கள்.

மூன்றாம் படி: முறையீட்டை எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. ஸ்தோத்திரம் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம், கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம். குறைசொல்லி அழக் கற்றுக்கொடுப்பதில்லை. சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். அவை இஸ்ரவேலர் ஆராதனையில் பாடிய பாட்டுகள். கடவுளிடம் இப்படிப் பேசலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய அனுமதி வேண்டுமா?

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: என்னை மறந்திருப்பீர்? முகத்தை மறைப்பீர்? அடுத்த இரண்டும் விண்ணப்பம்: என்னை நோக்கிப் பாரும், கேட்டருளும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. இந்த வரிசையில் நீங்களும் எழுதலாம். கூப்பிடுவது, குறையைச் சொல்வது, வேண்டியதைக் கேட்பது, முடிந்த அளவு நம்பிக்கையைச் சொல்வது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

"ஆண்டவரே, எத்தனை நாள் இப்படி? அப்பா இன்னும் கண் திறக்கவில்லை. டாக்டர் கதவைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் எனக்குக் கால் நடுங்குகிறது. நான் பேசுவது உமக்குக் கேட்கிறதா என்றே தெரியவில்லை. 'ஜெபிக்கிறோம்' என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அப்பாவைக் குணமாக்கும். எனக்கு அதுதான் வேண்டும். இன்று ராத்திரி அவருக்கு மூச்சு சீராக இருக்கட்டும். அம்மா ஒரு வாய் சாப்பிடட்டும். உம்மை நம்புகிறேன் என்று முழு மனதோடு சொல்ல முடியவில்லை. ஆனாலும் நான் வேறு யாரிடம் போவேன்? உம்மிடம்தான் வந்திருக்கிறேன்."

இதில் கவனிக்க வேண்டியது, எதுவும் பொதுப்படையாக இல்லை. "என் பாரங்களை எல்லாம் நீர் அறிவீர்" என்று மேலோட்டமாகப் போகாமல், கால் நடுங்குகிறது, எரிச்சல் வருகிறது என்று நடப்பதைச் சொல்கிறது. கேட்பதில் பெரியதும் இருக்கிறது, இன்று ராத்திரிக்கான சின்னதும் இருக்கிறது. கடைசி வரிகளில் இல்லாத விசுவாசத்தை இருப்பதாகக் காட்டவில்லை. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் இயேசுவிடம் சொன்னதும் இந்த மாதிரிதான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்த அரைகுறை விசுவாசத்தோடு வந்தவனின் மகனை இயேசு குணமாக்கினார்.

நல்ல தமிழில் எழுத வேண்டும், ஜெப பாஷையில் எழுத வேண்டும் என்றெல்லாம் இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரி எழுதுங்கள். மேலே தேதி போடுங்கள். பிறகு இது உதவும். எழுதியதைச் சத்தமாக ஒருமுறை வாசித்தால் அதுதான் அன்றைய ஜெபம்.

கடவுளிடம் கோபத்தோடு பேசலாமா என்று பயப்படுகிறவர்கள் யோபுவின் கடைசி அதிகாரத்தைப் பார்க்கட்டும். யோபு எவ்வளவோ கடுமையாகப் பேசியிருக்கிறான். அதற்காகக் கர்த்தரிடம் கடிந்துகொள்ளவும் படுகிறான், தாழ்ந்தும் போகிறான். ஆனாலும் முடிவில் அவருடைய கோபம் மூளுவது, அவருக்கு வக்காலத்து வாங்கிப் பேசிய சிநேகிதர்கள் மேல்தான். யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். எரேமியா தான் பிறந்த நாளையே சபித்தார். அந்த வார்த்தைகளும் வேதத்தில் இருக்கின்றன. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தபோது மட்டும் ஏன் கண்டிக்கப்பட்டார்கள் என்று கேட்கலாம். அவர்கள் எகிப்துக்கே திரும்பிப் போகலாம் என்று தங்களுக்குள் முடிவுகட்டிக்கொண்டு பேசினார்கள். சங்கீதக்காரன் முகத்துக்கு நேரே பேசுகிறான், பேசிவிட்டு அங்கேயே நிற்கிறான்.

நான்காம் படி: வார்த்தை வராத நாட்களில் கடன் வாங்குங்கள்

எழுதவும் முடியாத நாட்கள் வரும். அப்போது மற்றவர்கள் ஜெபித்த ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 42, 77, 88, 130 ஆகிய நான்கும் தொடங்குவதற்குப் போதும். ஒரு நாளைக்கு ஒன்று, மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள். எந்த வசனம் உங்களுடையது போல இருக்கிறதோ அதை இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள்.

88ஆம் சங்கீதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற முறையீடுகள் எங்கேயாவது ஒரு இடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது. சிநேகிதனும் தோழனும் தூரமாகிவிட்டார்கள் என்ற புலம்பலோடு அப்படியே நின்றுவிடுகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க முடியாத ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் அதன் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள்.

இயேசுவும் கடன் வாங்கித்தான் ஜெபித்தார். சிலுவையில் அவர் கத்திச் சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கைவிடப்பட்டதாக உணர்வது விசுவாசமில்லாதவர்களுக்கு மட்டும் வருவது என்றால், அது அவருக்கு வந்திருக்காது. நாம் வணங்குகிற ஆண்டவரே அந்த இருட்டுக்குள் நின்று அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். உங்கள் கேள்வி அவருக்குப் புதிதும் இல்லை, அவமரியாதையும் இல்லை.

வாசிக்கக்கூட முடியவில்லையா? சும்மா உட்காருங்கள். பெருமூச்சு மட்டும் வந்தால் வரட்டும். வேண்டிக்கொள்ள வேண்டியதின்னதென்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நிமிஷம் போதும். ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம். மனசு வரும்போது ஜெபிக்கலாம் என்று விட்டால், இந்த மாதிரிக் காலத்தில் மனசு வரவே வராது.

ஐந்தாம் படி: ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் பிரச்சினை. உங்களைச் சுற்றியும் இரண்டு வகையினரும் இருப்பார்கள். "எல்லாம் நன்மைக்கே", "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று உடனே சொல்கிறவர்களிடம் நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள். விவாதம் செய்ய உங்களுக்குத் தெம்பு கிடையாது.

கேட்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். போதகராக இருக்கலாம், சபையில் நிறைய அடிபட்டு நிற்கிற ஒரு வயதான அக்காவாக இருக்கலாம். என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுக் கேளுங்கள்: "எனக்கு ஆலோசனை வேண்டாம். வாரம் ஒரு தடவை போன் செய்யுங்கள். எனக்கு ஜெபிக்க வராததால் எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்." இப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் செய்வார்கள். என்ன செய்வது என்று தெரியாமல்தான் வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஆராதனைக்குப் போவதை விட்டுவிடாதீர்கள். பாட வராவிட்டால் பாட வேண்டாம். பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள். உங்களால் சொல்ல முடியாததை அன்றைக்கு அவர்கள் சொல்கிறார்கள்.

ஆறாம் படி: பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள்

இது சின்னப் படி. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஆன்மிக வழிகாட்டலில் வைத்த விதிகளில் ஒன்று: மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவோடு எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. சபையை விடுவது, ஜெபத்தை நிறுத்துவது, ஒரு உறவை வெட்டுவது போன்றவற்றை வெளிச்சம் கொஞ்சம் வந்த பிறகு யோசிக்கலாம். வீட்டில் அடி உதை, ஆபத்து என்றால் அது வேறு. அங்கிருந்து உடனே வெளியேற வேண்டும். அதற்கு எந்த வெளிச்சத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நீண்டுகொண்டே போனால்?

பெத்தானியாவில் லாசரு வியாதியாக இருக்கிறான் என்று ஆள் வந்து சொன்ன பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார். அவர் போய்ச் சேரும்போது கல்லறையில் வைத்து நாலு நாள் ஆகிவிட்டது. மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், அதற்கு முன்பு நின்று கண்ணீர் விட்டார். அவர் தாமதித்ததற்கும் அவர்களை நேசித்ததற்கும் முரண்பாடு இல்லை என்று யோவான் வெளிப்படையாகவே எழுதுகிறார். அந்தத் தாமதம் எப்படி வலித்திருக்கும் என்பதை மறைக்கவும் இல்லை.

கேட்டது கிடைக்காமலும் போகலாம். இதை முன்னாலேயே சொல்லாமல் விடுவது புதியவர்களுக்குச் செய்யும் துரோகம். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அன்னை தெரசா 1997இல் மறைந்தார். தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007இல் வெளியானபோதுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. ஏழைகள் நடுவே பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள், கடவுளின் பிரசன்னத்தை உணர முடியாத இருளில்தான் அவர் இருந்திருக்கிறார். அந்த வருஷங்கள் முழுக்க ஜெபத்தையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை, தன் நிலையை நம்பிக்கைக்குரிய ஒரு சிலரிடம் எழுதிச் சொல்வதையும் விடவில்லை. உங்களுக்கும் அவ்வளவு காலம் ஆகும் என்று நான் சொல்லவில்லை. உணர்வு திரும்பாத ஒவ்வொரு நாளையும் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு மாதம் போனதும் தேதி போட்டு வைத்த தாள்களை எடுத்து வரிசையாக வாசியுங்கள். 77ஆம் சங்கீதக்காரன் "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று கேட்டுவிட்டு, பழைய செயல்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருகிறான். அதேபோல், கேட்டவற்றில் எது நடந்தது, எது இன்னும் நடக்கவில்லை என்று ஓரத்தில் குறியுங்கள். அன்று ராத்திரி மூச்சு சீராக இருந்ததா? அம்மா சாப்பிட்டார்களா? எரிச்சலோடு கேட்ட அந்த வாரத்தில் யாராவது சொல்லாமலேயே சாப்பாடு கொண்டுவந்தார்களா? இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். அந்தத் தாள்களை நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, அடுத்த தாளில் அன்றைய தேதியைப் போட்டு எழுதத் தொடங்குங்கள்.